இரண்டு இடப்பக்க யன்னல்கள்

பொய்ப்பல் செய்வது என் தொழில். திருகோணமலை நகரத்தில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில், இருபது வருடத்துக்கு மேலாக மெழுகோடும் பிளாஸ்டரோடும் இருக்கிறேன். சந்தையில் என்னைக் காணும் சிலர் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்த வாயில் எந்தப் பல் அவர்களுடையது, எது என்னுடையது என்று எனக்குத் தெரியும் அல்லவா.

விமானம் செய்ய வந்தது தற்செயலாகத்தான். ஒருமுறை கொழும்பில் மனைவி சேலைக் கடைக்குள் போய்விட, பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பெட்டியைக் கண்டேன். மேலே பழைய போர்விமானம் ஒன்றின் படம். உள்ளே அதே விமானம், உள்ளங்கையில் அடங்கும் அளவில், துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டி, அராவி, ஒட்டி, நிறம் பூச வேண்டும். வாங்கிவிட்டேன்.

"ஆருக்கு இது?" என்றாள் மனைவி.

"எனக்குத்தான்."

அவள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். அவர்களைப் பார்க்கிற அதே பார்வையால் என்னையும் ஒருமுறை பார்த்தாள். "சரி. சத்தம் போடாமல் விளையாடினால் போதும்."

ஒட்டுவது எனக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. நிறம் பூசுவதுதான் பிரச்சினை. அந்தச் சின்னச் சின்னப் பெயின்ற் போத்தல்கள் எங்கள் ஊரில் கிடைக்காது. யாரோ சொல்லி, கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் மோட்டார்சைக்கிள் பெற்றோல் தாங்கிகளுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒருவரைத் தேடிப் போனேன். விமானத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு நான் அடிச்சா உங்கட பிளாஸ்டிக் கரைஞ்சிரும்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவரே தொலைபேசி எடுத்தார். பழைய பிளாஸ்டிக் துண்டுகளில் அடித்து அடித்துப் பார்த்து, கரையாத கலவை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதற்குப் பிறகு அவருக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்றார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல, அவரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம்.

மூன்றாவது ஆள் அக்கா. நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. என்னிடம் பல் அளவெடுக்க வந்தவர், மேசையில் இருந்த இறக்கையைக் கண்டுவிட்டு வாயைத் திறந்தபடியே எதையோ கேட்டார். அச்சை எடுத்த பிறகுதான் விளங்கியது: "இந்த எழுத்தை ஆர் இவ்வளவு கோணலா ஒட்டினது?" விமானத்தில் ஒட்டுகிற சின்னங்களும் எழுத்துகளும் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற மெல்லிய தாள்கள். எங்கள் கடற்காற்றில் அவை பெட்டிக்குள்ளேயே மஞ்சளாகி வெடித்துப்போகும். அக்கா அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, தூரிகையாலேயே எழுதத் தொடங்கினார். அரிசியில் பாதி அளவு எழுத்து. கை நடுங்காது.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் அமைந்தன. பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு அக்கா வீட்டு விறாந்தையில் கூடுவோம். நானா பெயின்ற் விசிறுகிற தன் சின்னக் கொம்பிரசரை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வருவார். கூடவே ஒரு சட்டித் தயிரும் வரும். இஞ்சிப் பிளேன்ரீ, கொம்பிரசரின் இரைச்சல், தின்னர் மணம். ஒரு சக்கரத்தை அராவிக்கொண்டே விலைவாசியைப் பற்றிக் கதைப்போம், கதைக்காமலும் இருப்போம். நான் அறிந்தவற்றில் அந்த மூன்று மணித்தியாலம் போல நிம்மதியான நேரம் குறைவு.

எங்களுக்குள் யாரும் சொல்லாத ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் செய்வதெல்லாம் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள். நாங்கள் பிறந்த பிறகு பறந்த எதையும் செய்வதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

நாலாவது ஆளை நானாதான் கூட்டிவந்தார். உப்புவெளியில் வெள்ளைக்காரர் தங்குகிற சின்ன விடுதி ஒன்றை நடத்துகிற சிங்களவர். அறுபது வயதிருக்கும். விடுதிச் சைக்கிள்களுக்குப் பெயின்ற் அடிக்கக் கொடுக்கப் போன இடத்தில் நானாவின் விமானங்களைக் கண்டாராம். சிங்களத்தில் ஐயா என்பது போல, மாத்தையா என்று கூப்பிட்டோம். முதல் நாளே ஒரு பெரிய பெட்டியைக் கையில் கொண்டுவந்தார். திறந்தபோது அக்கா எழும்பியே நின்றுவிட்டார். கட்டலினா. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்பும் பறக்கும் படகு. அந்த உலகப் போர்க்காலத்தில் எங்கள் துறைமுகத்திலேயே வந்து நங்கூரமிட்ட வகை. இறக்கை மட்டும் ஒன்றரை முழம். உடலின் இரண்டு பக்கத்திலும், முதுகுப் பக்கமாக, பெரிய கண்ணீர்த்துளி போல வெளியே புடைத்த இரண்டு கண்ணாடி யன்னல்கள். ஆட்கள் அதற்குள் இருந்து கடலைப் பார்ப்பார்களாம்.

"நான் தனியாச் செய்ய ஏலாது. எல்லாரும் சேர்ந்து செய்வமா?" என்றார் மாத்தையா. எங்கள் தமிழையே அவர் கொஞ்சம் வேறு மாதிரிக் கதைப்பார்.

மூன்று ஞாயிறு நன்றாகவே போனது. அவருக்கு இயந்திரங்களைக் கொடுத்தோம். கட்டலினாவுக்கு இரண்டு இயந்திரங்கள். பெட்டியில் இல்லாத வயர்களையும் குழாய்களையும் மெல்லிய செப்புக் கம்பியால் செய்து, சாவணத்தால் ஒவ்வொன்றாக வைத்தார். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை.

அக்கா கேட்டார்: "எப்பிடி மாத்தையா, பாக்காமலே எல்லாம் தெரியுது?"

"இருபத்திரெண்டு வருசம் இதுதானே வேலை. எயார்ஃபோர்சில. நான் மெக்கானிக்."

அந்த நேரம் என் கையில் இருந்தது வலப்பக்க யன்னல். அதைச் சட்டத்திலிருந்து வெட்டிக்கொண்டிருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். யன்னலின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெடித்துப்போயிருந்தது.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான்தான் "கத்தி வழுக்கிப்போச்சு" என்றேன். கத்தி வழுக்கியதா, கை இறுகியதா என்று எனக்கே தெரியவில்லை. பிளேன்ரீயைக் குடித்து முடிக்காமல், தலையிடி என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது சாம்பல்தீவில். யுத்தத்துக்குள் கழிந்த சின்ன வயதில் விமானத்தின் பெயர் ஒன்றும் தெரியாது, சத்தம் தெரியும். ஹெலியின் சத்தம் வேறு, குண்டு போடுகிற பொம்மரின் சத்தம் வேறு. தூரத்தில் கேட்கும்போதே எது என்று சொல்லிவிடுவேன். அம்மா அதை நம்பி அடுப்பை அணைப்பாள், அல்லது அணைக்காமல் விடுவாள். ஹெலி என்றால் பனைகளுக்குக் கீழே ஓடி, மரத்தோடு ஒட்டி நின்று, அது சுற்றச் சுற்ற நாங்களும் மரத்தைச் சுற்றுவோம். ஒரு நாள் ஹெலி அப்படிச் சுற்றிச் சுட்டதில் என் மாமாவின் கால் போனது. வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு அவர் நீண்ட காலம் இருந்தார், ஊன்றுகோலோடு, நல்ல பகிடிக்காரராக. இதையெல்லாம் நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அந்த விறாந்தைக்குள் அதைக் கொண்டுவந்ததும் இல்லை.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. வீட்டில் இருந்து குழாயைத் திருத்தினேன். திருத்தத் தேவையில்லாத கதவையும் திருத்தினேன். மனைவி பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், கடைசியில் பேனையை மூடி வைத்தாள்.

"ரெண்டு கிழமையா அந்தக் கதவு படுற பாட்டை என்னாலை பாக்க ஏலாது. என்ன நடந்தது?"

சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். அவளுடைய சொந்தக்காரரும் இடம்பெயர்ந்து பட்டதெல்லாம் பட்டவர்கள்தான். அவள் கோபப்படுவாள், என் பக்கம் கதைப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவர் எதிலை வேலை செய்தவர் எண்டு கேட்டனீங்களா?"

"இல்லை."

"மாமாவைப் பற்றி அவருக்குச் சொன்னனீங்களா?"

"இல்லை."

"ஒண்டும் கேக்காமல், ஒண்டும் சொல்லாமல் கோவிச்சுக்கொண்டு இருக்கிறியள். என்ர வகுப்பிலை இதுக்கு நான் ரெண்டு பேரையும் கூப்பிட்டு முன்னுக்கு நிப்பாட்டுவன்." பேனையைத் திரும்பத் திறந்தாள். "கேட்டுப்போட்டுக் கோவம் வந்தால் வாங்கோ. ரெண்டு பேருமாக் கோவிப்பம்."

மறுநாள் வேலை முடிந்து உப்புவெளிக்குப் போனேன். விடுதி வாசலில் மாத்தையா குழாய்த் தண்ணீர் பிடித்துப் படிகளில் ஒட்டிய மணலைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை நிறுத்திவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் அதில் இருக்காமல் நின்றேன்.

"மாத்தையா, நீங்கள் ஹெலியிலை வேலை செய்தனீங்களா?"

"ஹெலியிலயும் செஞ்சது. கூடுதலாப் பெரிய பிளேன். ஆக்களும் சாமானும் ஏத்துற பிளேன்."

நான் சாம்பல்தீவைப் பற்றிச் சொன்னேன். பனைகளைச் சொன்னேன். மாமாவைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உயர்ந்தது. உள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் குறுக்கிடவில்லை. நான் முடித்ததும் கீழே கிடந்த குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"என்ட வேலை அது பறக்கிறதுக்கு," என்றார். "திரும்பி வந்தா சந்தோசம். போன இடத்தில என்ன செஞ்சது எண்டு நான் கேக்கல்ல. கேட்டிருக்கலாம்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்காது. அப்போதுதான் கதிரையில் அமர்ந்தேன்.

"ரெண்டு ஞாயிறும் நான் வரேல்லை," என்றேன்.

"நானும் போகல்ல. அக்காவுக்குச் சொன்னேன், தம்பி வந்தா மட்டும் நான் வாறேன் எண்டு. அது உங்கட இடம். நான் பிறகு வந்த ஆள்."

கட்டலினா இரண்டு வாரமாக ஒரு பக்க யன்னல் இல்லாமல், தொடுவாரில்லாமல் அக்காவின் மேசையில் கிடந்திருக்கிறது. அதை நினைக்க எனக்கு ஏனோ மாமாவை நினைத்ததைவிடச் சின்னதான, ஆனால் இன்னும் கூச்சமான ஒரு வருத்தம் வந்தது.

"அந்த யன்னலை உடைச்சது நான்தான், மாத்தையா."

"தெரியும். சத்தம் கேட்டது."

"நான் வேறை செய்து தாறன்."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். "கண்ணாடி போல இருக்கவேணும். எப்பிடிச் செய்வீங்க?"

எங்கள் அறையில் ஒரு இயந்திரம் இருக்கிறது. நித்திரையில் பல்லைக் கடிக்கிறவர்களுக்குப் பல்லுக்கு மேலே போடுகிற தெளிந்த உறை செய்வதற்கு. மேலே தெளிந்த பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கும். கீழே பிளாஸ்டரில் வார்த்த பல் அச்சை வைத்தால், இளகிய தகட்டைக் காற்றால் உறிஞ்சி அச்சின் மேலே படிய வைக்கும். பல்லுக்கு அச்செடுக்கலாம் என்றால் யன்னலுக்கு ஏன் ஏலாது?

உடையாமல் இருந்த இடப்பக்க யன்னலை அக்காவிடம் வாங்கி, அதிலிருந்து அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றினேன். முதல் தகட்டில் குமிழி. இரண்டாவது மெலிந்து கிழிந்தது. மூன்றாவது பனிப்புகார் படிந்த மாதிரி மங்கல். பிளாஸ்டரில் ஈரம் இருந்திருக்கிறது. நாலாவது வந்தது பாருங்கள், பெட்டியில் வந்ததைவிடத் தெளிவு. பழையது இதற்குப் பக்கத்தில் தடித்த சோடாப் போத்தல் போலத் தெரிந்தது. அதனால் இரண்டையுமே புதிதாகச் செய்வதென்று இன்னொன்றும் எடுத்தேன். அதை அச்சிலிருந்து கழற்றும்போது பின்னால் நிழல் விழுந்தது. டொக்டர்.

அவர் அச்சைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இது ஆரின்ரை அண்ணம்? நான் பாத்த ஆக்களுக்குள்ளை இப்பிடி ஒரு வாய் இல்லையே."

"பிளேனின்ரை யன்னல், டொக்டர்."

இருபது வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் அந்த அறையில் நின்றதில்லை. இயந்திரத்தை ஒருமுறை அவரே போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். போட்டார். கிழிந்தது. "சாப்பாட்டு நேரத்திலை மட்டும் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்; அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அவரே வந்து எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு யன்னல்களையும் பஞ்சில் சுற்றி, பொய்ப்பல் கொடுக்கிற சின்னப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். மாத்தையாவும் வந்திருந்தார். எல்லாரும் எழும்பி வந்து பார்த்தார்கள். அக்கா ஒன்றை எடுத்து விமானத்தின் இடப்பக்கத்தில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. மற்றதை வலப்பக்கத்தில் வைத்தார். திருப்பினார். தலைகீழாக்கினார். தன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது ரெண்டும் இடப்பக்கம்."

ஒரே அச்சில் எடுத்தால் ஒரே பக்கம்தானே வரும்? மேல்வரிசைப் பல்லில் இடதையும் வலதையும் ஒருநாளும் மாற்றி வைக்காத ஆள் நான். நானா சிரிக்கத் தொடங்கி, இருமி, தயிர்ச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பச் சிரித்தார். மாத்தையா முதலில் அடக்கிக்கொண்டிருந்தார். நான் சிரித்த பிறகுதான் அவரும் சிரித்தார்.

வலப்பக்கத்தை மெழுகில் கையாலேயே செதுக்க வேண்டியிருந்தது. அக்கா இடப்பக்க யன்னலின் வளைவைக் கந்தோர் முறையில் அளந்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் கீறித் தந்தார். நான் செதுக்க, மாத்தையா வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இஞ்ச கொஞ்சம் கூட, இஞ்ச கொஞ்சம் குறைய" என்று விரலால் தடவிச் சொல்வார். அவருடைய விரல் நுனிக்குத் தெரிவது என் கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் சாம்பல்தீவைப் பற்றித் திரும்பவும் கதைத்தோம், ஒருமுறை அல்ல, பல முறை, மெழுகைச் செதுக்கிக்கொண்டு. மாமாவின் பகிடிகளில் ஒன்றிரண்டையும் சொன்னேன். அவர் தன் பக்கத்தில் திரும்பி வராத விமானங்களைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று பார்த்திருந்தேன்.

பிறகு நிறம். மேலே கடல் சாம்பல், கீழே வெள்ளை. நானா வெள்ளையை ஒரே சீராக அடிக்கவில்லை. வெயிலில் கிடந்த படகின் வெள்ளை எப்படிப் பழுக்கும் என்று அவருக்குத் தெரியும். பிரித்தானிய விமானப்படையின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு வைக்க அக்கா தூரிகையைத் தோய்த்தபோது மாத்தையா தடுத்தார். "இந்தக் கடல் பக்கம் சிவப்பு வைக்கல்ல. தூரத்தில பாத்தா ஜப்பான்காரன்ட எண்டு நினைச்சுச் சுடுவாங்க." அக்கா நம்பவில்லை. ஒரு வாரம் புத்தகங்களைத் தேடி, பழைய படமொன்றைக் கண்டுபிடித்து, "ஓம், நீங்கள் சொன்னது சரி" என்று வாசலிலேயே சொன்னார். அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்தடவை.

முடிந்த பிறகு அதை மேசையில் வைத்து நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காதான் சொன்னார்: "படகு எண்டுதானே சொல்லுறியள். மிதக்குமா?"

நானா துள்ளினார். "உப்புத் தண்ணிலயா? எவ்வளவு நாள் அடிச்ச பெயின்ற்!" ஆனால் அடுத்த ஞாயிறு எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னவரும் அவர்தான். குறிஞ்சாக்கேணியில் அவருடைய வீட்டு வளவு கடல்நீர் தேங்கிய களப்பில் போய் முடிகிறது. முழங்கால் ஆழம், குளம் போல அசையாத தண்ணீர். அக்கா பஸ்ஸில் வந்தார். நானும் மாத்தையாவும் அவருடைய மோட்டார்சைக்கிளில், நடுவில் கட்டலினாவின் பெட்டியோடு.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இரண்டு கையாலும் அதைத் தண்ணீரில் வைத்தார். கையை எடுத்தார். ஒரு பக்கமாகச் சரிந்தது.

"தாழுது, தாழுது! பிடியுங்கோ!" என்றார் அக்கா.

"இல்ல, இல்ல," என்றார் மாத்தையா. "உண்மைப் பிளேனும் இப்பிடித்தான் நிக்கும்."

ஒரு இறக்கை நுனியில் உள்ள மிதவையில் சாய்ந்து, அது மிதந்தது. களப்பில் காற்று வந்தது. யாரும் தொடாமலே அது மெல்லத் திரும்பி, மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்து நின்றது. நாங்கள் அப்படிச் செய்து வைக்கவில்லை. வாலின் வடிவம் அதைச் செய்தது. பக்கத்து வளவுப் பெண்கள் வேலியில் வந்து நின்றார்கள். சப்பாத்தோடு தண்ணீருக்குள் நிற்பதை மாத்தையா கவனிக்கவே இல்லை.

பிறகு அது பின்னுக்குப் போகத் தொடங்கியது. நானா துரத்தினார். பெட்டியைக் கரையில் வைத்த இடம் சரியில்லை, அது நனைந்து கூழாகியது. விமானத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் வயிற்றுக்குள் தண்ணீர் சலசலத்தது. என் யன்னல் ஓரத்தால் ஒழுகவில்லை என்று நான் முதலில் பார்த்துக்கொண்டேன். ஒழுக்கு அடிப்பகுதியின் மூட்டில். மாத்தையா அடியில் சின்னத் துளையொன்று போட்டார். நானாவின் மனைவி கோழிக்கறியும் நெய்ச்சோறும் போட, கட்டலினா துவாயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சொட்டுச் சொட்டாகக் களப்பை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

பெட்டி இல்லாததால் திரும்பும்போது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்தேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் கடற்காற்று முகத்தில் அடித்தது. அப்போது கைகளில் ஒரு இழுப்பு. இறக்கைக்குக் கீழே காற்று புகுந்து, அது மேலே எழும்பப் பார்த்தது. விட்டால் போய்விடும் போல.

"மெதுவாப் போகவா தம்பி?" என்று மாத்தையா திரும்பாமலே கத்தினார்.

"வேண்டாம்," என்றேன். "இப்பிடியே போங்கோ."